நீ எடுத்துக்கொண்ட வெள்ளை வண்டி

இன்று காலை பிள்ளையார்பட்டியில் ஒரு புது வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். என் தங்கை வீட்டுக்காரர் வாங்கியது. இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையை அவர் இன்னும் கிழிக்கவில்லை. அந்த வாடை உனக்குத் தெரியும். பசையும் ரப்பரும் புதுத் துணியும் கலந்து, கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும். வெளியே அர்ச்சகர் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். வண்டி நகர்ந்து பழம் நசுங்கியதும் அந்த வாடையும் உள்ளே வந்தது. எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகிறது. நான் வாங்கிய எந்த வண்டியிலும் இந்த வாடை அடித்ததில்லை.

தங்கை வீட்டுக்காரர் புதுவயலில் அரிசி மில் வைத்திருக்கிறார். இது அவருடைய மூன்றாவது புது வண்டி. கோயிலைவிட்டுக் கிளம்பியதும் ஆரம்பித்தார்.

"மச்சான், அங்குட்டு இப்ப என்ன வண்டி வச்சிருக்கீக?"

"இருந்தது போயிருச்சு மாப்ள. போய்த்தான் ஒண்ணு எடுக்கணும்."

"புதுசா?"

"பாக்கணும்."

"இருவத்திரெண்டு வருசமாப் பாக்குறீக. அடுத்தவன் உக்காந்து தேஞ்ச சீட்டுலதான் உக்காருவேன்னு எதுவும் வேண்டுதலா?"

பின்னால் என் தங்கை சிரித்தாள். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். அதை நான் மறக்கப்போவதில்லை. நீ அந்த வண்டியில் இருந்திருந்தால் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்திருப்பாய்.

நீ இறந்து ஏழு மாதமாகிறது. புதன்கிழமை எனக்கு மஸ்கட்டுக்கு விமானம். அதற்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருந்தது. கம்பெனி என்னை மஸ்கட்டுக்கு வெளியே பர்காவில் நடக்கும் வேலைக்கு மாற்றிவிட்டது. தினமும் போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது. என் பழைய வண்டி ஆண்டுச் சோதனையில் தேறவில்லை. சரிசெய்கிற செலவுக்கு அது தகாது. ஒரு ஷோரூமில் புது வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். விற்பனையாளர் நாள் தவறாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் உன் வெள்ளை வண்டி. மஸ்கட்டில் நீங்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழே ஏழு மாதமாகத் தூசி படிந்து நிற்கிறது. அதன் சாவி, பள்ளி விடுமுறைக்கு இங்கே காரைக்குடிக்கு வந்திருந்த உன் மனைவியிடம் இருந்தது. 'அண்ணே, ஊருக்கு வந்தா வண்டி விசயமாப் பேசணும்' என்று அவர் போன வாரமே செய்தி அனுப்பியிருந்தார். நான்தான் தள்ளிப்போட்டேன்.

நாம் இருவரும் ஒரே பள்ளியில் பத்தாவது வரை படித்தவர்கள். நான் பொறியியல் கல்லூரிக்குப் போனேன், நீ ஐ.டி.ஐ.க்குப் போனாய். இருபது வருடம் கழித்து அயல்நாட்டில் ஒரே கம்பெனியில் வந்து சேர்ந்தோம். நான் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து கட்டட மதிப்பீடு போட்டேன். நீ வெயிலில் நின்று மின்வேலை ஆட்களை மேய்த்தாய். என்னைவிட உன்னைத்தான் எல்லாருக்கும் பிடித்திருந்தது. 'இஞ்சினியரே' என்று நீ என்னைக் கூப்பிடுவதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

புது வண்டியா பழைய வண்டியா என்ற பேச்சு அங்கே இருக்கிற நம் ஆட்களுக்கு ஓயாத பேச்சு. உன் கட்சி எப்போதும் பழைய வண்டிதான். "புதுசுன்னா அஞ்சு வருசக் கடன். அஞ்சு வருசமும் மேனேஜரு என்ன சொன்னாலும் தலைய ஆட்டணும். வேல போச்சுன்னா கடனக் கட்டாம ஊருக்குக் கிளம்பவும் முடியாது. எதுக்கு?" என்பாய். நான் அதை மறுத்ததில்லை. ஆனால் பழைய வண்டி என்றால் முன்பு வைத்திருந்தவனின் எல்லாப் பாவத்தையும் நாம் சுமக்க வேண்டும். அதனால் நான் சோதித்துப் பார்ப்பேன். பதினான்கு அம்சங்கள் கொண்ட பட்டியல் ஒன்று வைத்திருந்தேன். இடித்ததா, வெள்ளத்தில் நின்றதா, அதில் யாருக்காவது உயிர் போனதா என்பதுவரை விற்பவரிடம் கேட்பேன். நீ கேலி செய்தாய். "வண்டிக்கு மாப்பிள்ளை பாக்கப் போறியா, சாதகமெல்லாம் கேக்குறே?"

அந்த வெள்ளை வண்டியை நான்தான் கண்டுபிடித்தேன். ஊருக்கே திரும்பிப் போகிற ஒரு கோழிக்கோட்டுக்காரர் விற்க வைத்திருந்தார். அப்போது என் மனைவியும் மகளும் வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மகளின் பள்ளி தூரம். இரண்டு வெள்ளிக்கிழமை போய் வண்டியைப் பார்த்தேன். இன்ஜின், கியர், அடிப்பகுதி என்று ஒன்றையும் விடவில்லை. இரண்டாம் வெள்ளிக்கிழமை மாலை டீக்கடையில் உன்னிடம் சொன்னேன்.

"எல்லாம் சரியா இருக்குடா. பின்பக்கம் ஒரு கதவுல மட்டும் பெயின்ட் மாறியிருக்கு. ஞாயித்துக்கிழமை சொல்றேன்னு வந்திருக்கேன்."

"கதவு திறக்குதா?"

"திறக்குது."

"மூடுதா?"

"மூடுது."

"பெறகென்ன இஞ்சினியரே, கதவு வேற என்ன செய்யணும்?"

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் நீ போன் செய்தாய். அந்த வண்டியை நீயே வாங்கிவிட்டதாகச் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேனே என்றேன்.

"நீ சொல்ல மாட்டே. நீ பாத்துக்கிட்டே இருப்பே, வேற எவனாச்சும் கொண்டுபோயிருவான். அந்த எவனாச்சும் நானா இருந்துட்டுப் போறேன்."

உனக்கு அப்போது ஓட்டுநர் உரிமம்கூடக் கிடையாது. நான்காவது முயற்சியில்தான் பின்னால் கிடைத்தது. இந்தியப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த உன் மனைவிக்கு அது முன்பே கிடைத்திருந்ததால் வண்டியை அவர் பெயரில் பதிந்தாய். அவர்தான் ஓட்டிக்கொண்டு வீடு சேர்ந்தார். நீ ஒரு டயரைக்கூடக் குனிந்து பார்க்கவில்லை. என் இரண்டு வெள்ளிக்கிழமைகளை நம்பி வாங்கினாய்.

பிறகு எனக்கு அவசரம் வந்துவிட்டது. அடுத்த மாதமே ஒரு சாம்பல் நிற வண்டியை எடுத்தேன். பழைய வண்டி விற்கிற இடத்தில் ஒரு ஆள் சத்தியம் செய்து கொடுத்தது. ஒரு வருடம் கழித்துத் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் காய்ந்த சேறு. ஏதோ ஒரு புயல் வெள்ளத்தில் கழுத்துவரை நின்ற வண்டி. அந்த வாரமே, மனைவியும் மகளும் உள்ளே இருக்கும்போது, பட்டறைகள் இருக்கிற பகுதிக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. வேறு யாரையும் கூப்பிடத் தெரியாமல் உன்னைக் கூப்பிட்டேன். நீ வந்தாய், அந்த வெள்ளை வண்டியில். கயிறு கட்டினாய்.

"இஞ்சினியரே, பிரேக்க மட்டும் பாத்துக்க. பின்னாடி இடிச்சிராதே. நல்ல வண்டி" என்றாய்.

பட்டறைவரை ஒன்றரைக் கிலோமீட்டர் நீ இழுத்துப் போனாய். நான் தேர்ந்தெடுத்த வண்டியின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவுகளில் பெயின்ட் மாறிய கதவும் கண்ணில் பட்டது. அன்று முடிவு செய்தேன், அந்த வண்டியில் ஒருநாளும் ஏறுவதில்லை என்று. ஏறவில்லை. என் அப்பா இறந்த அன்று விடியற்காலை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட நீ கீழே வந்து நின்றாய். நான் டாக்ஸிக்குச் சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லவில்லை. நீ போன பிறகுதான் சொன்னேன். நீ கண்டுபிடித்திருப்பாய் என்றே நினைக்கிறேன்.

ஆறு வருடம் இப்படிப் போயிற்று. பேசாமல் இருந்தோம் என்றில்லை. டீ குடித்தோம், சேர்ந்தே பொங்கல் வைத்தோம், உன் வீட்டில் சாப்பிட்டேன். ஆனால் ஒவ்வொரு முறை உன் கட்டடத்தின் கீழே அந்த வண்டியைக் கடக்கும்போதும் அந்தச் சனிக்கிழமை எனக்கு நினைவுக்கு வரும். நீ இறந்தபோது உன் உடலை ஊருக்கு அனுப்பும் காகித வேலை முழுவதையும் நான்தான் அலைந்து முடித்தேன். அது வேறு கணக்கு.

இன்று மதியம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி இளைத்திருந்தார். மாதக் கடைசியில் மஸ்கட் போய்ப் பள்ளி வேலையை ராஜினாமா செய்து, வீட்டைக் காலி பண்ணிவிட்டு வந்துவிடப் போகிறாராம். டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருக்கும்மா?" என்றேன்.

சொன்னார். பிறகு, "அண்ணே, எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு விசயம் சொல்லிருறேன். தெரியாம நீங்க எடுக்கக் கூடாது" என்றார்.

முதல் விசயம், வாங்கிய மூன்றாம் மாதமே கியர்பாக்ஸ் போய்விட்டதாம். முழுவதையும் மாற்ற வேண்டியிருந்ததாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"சொல்லக் கூடாதுன்னுட்டாக. 'கியர்பாக்ஸ் நல்லாருக்குன்னு பாத்துச் சொன்னதே அவன்தான். தெரிஞ்சா சந்தோசப்படுவானா வருத்தப்படுவானான்னு எனக்குத் தெரியல. ரெண்டுல எதையும் பாக்க எனக்குத் தெம்பு இல்ல'ன்னாக. நீங்க வீட்டுக்கு வாரீகன்னா, 'வண்டியப் பத்தி வாயத் திறந்துறாதே'ன்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டே இருப்பாக."

கயிறு கட்டி இழுத்தபோது அது போட்டு ஒரு வருடம்கூட ஆகாத கியர்பாக்ஸ். 'நல்ல வண்டி' என்று முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னாய். ஆறு வருடம் நான் வயிறெரிந்தது ஒரு ஓட்டை வண்டியைப் பார்த்து. ஓட்டையைக் காணாமல் விட்டவனும் நான். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் மனைவியும் கொஞ்சம் சிரித்தார். அது நின்றபின் இரண்டாவதைச் சொன்னார்.

"அவுக உசுரு போனது அந்த வண்டிலதான், ஆசுபத்திரியில இல்ல. காகிதத்துலதான் ஆசுபத்திரின்னு போட்டிருக்கு. நான்தான் ஓட்டிக்கிட்டுப் போனேன். நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்து சீட்டுல இருந்தாக. சிக்னல்ல நிக்கிறப்ப, 'இந்த லேன் நகராது, இடது பக்கம் மாறு'ன்னாக. மாறினேன். அங்கிட்டு மாறித் திரும்பிப் பாக்குறேன், முடிஞ்சுபோச்சு."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மறைச்சு விக்க எனக்கு முடியாதுண்ணே. நம்ம ஆளுக ரெண்டு பேரு போன்ல கேட்டாக. சொன்னேன். பெறகு பேசவே இல்ல. நீங்களும் வேணாம்னா கூச்சப்படாமச் சொல்லிருங்க. போனதும் அதை ஒடைக்கிறவன்கிட்டக் குடுத்துட்டு வந்துர்றேன். அதைக் கடந்து மாடி ஏற என்னால முடியல."

'நாளைக்குச் சொல்றேன்' என்பது வாய்வரை வந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் நான் சொல்லிப் பழகிய வாக்கியம் அது. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கும் அதுதான் வரும் என்று தெரிந்திருந்தது.

"சாவியக் குடும்மா" என்றேன்.

"யோசிச்சே சொல்லுங்கண்ணே. அவசரமில்ல."

"யோசிச்சாச்சு."

சாவியோடு வெளியே வந்து, ஷோரூம்காரருக்கு வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். இதை உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இன்னும் எத்தனை மாதம் என்னை வைத்திருப்பார்கள் என்று தெரியாது. எனக்குக் கீழே வேலை பார்த்தவன் இப்போது எனக்கு மேலே இருக்கிறான். ஐந்து வருடக் கடனைத் தலையில் கட்டிக்கொண்டு அவன் முன்னால் நிற்க எனக்கு விருப்பமில்லை. நீ சொன்னது சரி என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். தங்கை வீட்டுக்காரர் இன்னும் ஒரு வருடத்துக்கு இதை வைத்து என்னை ஓட்டுவார். ஓட்டட்டும்.

என் மனைவிதான் ஒப்பவில்லை. விவரத்தைச் சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"உங்களுக்கு வண்டியே கிடைக்கலையா?"

"அவன் வண்டிடீ."

"தெரியும். அதான் ஆறு வருசமா ஏற மாட்டேன்னு நின்னீகளே." சாவியை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். பிறகு, "நான் வந்தா பின்னாடிதான் உக்காருவேன். அவுக இருந்த சீட்டுல உக்கார மாட்டேன்" என்றாள்.

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அது பொய். கியர்பாக்ஸ் விசயத்தை மறைத்ததற்காக இப்போது புதிதாக ஒன்று வேறு சேர்ந்திருக்கிறது. சண்டை போட எதிரே ஆள் இல்லை என்பதற்காகக் கோபம் போய்விடுவதில்லை என்று இந்த ஏழு மாதத்தில் தெரிந்துகொண்டேன். உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியதில் பெரிய பங்கு அதுதான். அதைக் கீழே போட நான் தயாராயில்லை.

அடுத்த மாதம் முதல் அந்த வண்டியில்தான் பர்காவுக்குப் போய்வர வேண்டும். மனைவி வரும் நாளிலும் பின்னால்தான் உட்காருவாள். முன்னால் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரப் போவதில்லை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை.