சனிக்கிழமை அவித்த நெல்

உத்திரமேரூர்,
புதன்கிழமை.

அன்பு மகள் சௌமியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய், உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். புனேயில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாம், ஆனால் நான் ஆரம்பிக்கும்போதே டூட்டி இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், இதைப் பாதியில் நிறுத்தினால் உனக்குக் கோபம்தான் வரும், அதனால் படித்த எட்டாவதை வைத்து முழுதாக எழுதுகிறேன். உன் அப்பா போன வாரம் உன்னிடம், உங்கம்மா சாமிய மாத்திக்கினா என்று சொன்னாராமே, அதை நம்பாதே. நான் இன்னும் எதையும் மாற்றவில்லை. ஒன்றைத் தெரிந்துகொள்ளப் போனேன், அது எங்கேயோ கொண்டுபோய் விட்டது.

நீ போன பிறகு நம் ரைஸ் மில் களத்தின் மதிலுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்டு ஒரு ஜெபவீடு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்பீக்கர் வைப்பார்கள். இந்தப் பக்கம் அவித்த நெல்லைப் பரப்பி நாங்கள் ஐந்து பெண்களும் வெயிலில் காலால் துழாவிக்கொண்டே போவோம், அந்தப் பக்கம் பாஸ்டர், களைத்தவர்களுக்கு ஆண்டவர் இளைப்பாறுதல் தருகிறார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எங்களில் ஒருத்தியான முனியம்மாள் ஒரு நாள், யார்கிட்டடி சொல்லிக்கினு கீறாரு, ஃபேனுக்கு அடியில குந்திகினு கீறவங்களுக்கா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு மட்டும் அந்தக் கேள்வி போகவில்லை. ஒரு விஷயம் புரியவில்லையென்றால் எனக்குச் சோறு இறங்காது என்பது உனக்குத் தெரியும். அதிலும் எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி வசந்த்குமார் அந்த ஜெபவீட்டில் முன் வரிசை ஆள். காலையில் எங்களைக் களத்தில் இறக்கிவிட்டு, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு, அங்கே போய் இளைப்பாறுவார்.

போன மாதம் ஒரு ஞாயிறு மழை கொட்டியது. நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம், வேலை இல்லை. மற்றவர்கள் வீட்டுக்கு ஓடினார்கள், நான் ஜெபவீட்டுக்குப் போய் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வா என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எல்லோரும் கண்ணை மூடி வாய்விட்டு வேண்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியின் மனைவி ஞானசுந்தரிக்கு உடம்பு நடுங்கி, கண்ணீர் கொட்டி, புரியாத பாஷையில் பேச்சு வந்துவிட்டது. நமக்கு இது புதிதா? நம் சாமி கன்னியம்மா ஒருத்தர்மேல் இறங்கினால் வந்தது யார், என்ன வேண்டும் என்று கற்பூரம் ஏற்றிக் கேட்டு அனுப்புவது நம் வழக்கம். கேட்காமல் விட்டால் வந்த சாமிக்கு அவமரியாதை. இத்தனை பேர் இருந்தும் ஒருவரும் கேட்கவில்லையே என்று எனக்குப் பதறியது. இடுப்புப் பையிலிருந்த கற்பூரத்தை அவள் முன்னால் தரையில் வைத்துக் கொளுத்தி, வந்துகீறது யாரும்மா, இன்னா கொற உனக்கு, இன்னா வோணும், வாயத் தொறந்து சொல்லு என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

ஜெபம் அப்படியே நின்றது. ஞானசுந்தரி கண்ணைத் திறந்து கற்பூரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அழுதுகொண்டிருந்தவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அங்கம்மா, நான் ஞானசுந்தரிதான், கன்னியம்மால்லாம் வர்ல என்று என்னிடம் சொன்னாள். மேஸ்திரி பாய்ந்து வந்து, ஆண்டவர் சந்நிதியில இன்னா வேல பண்ற, எய்ந்து வெளிய போ என்று கத்தினார். பாஸ்டர் அவரைத் தடுத்து, அந்தம்மா கேட்டது நல்ல கேள்வி, பதில் சொல்லாம அனுப்பக் கூடாது என்றார். பிறகு என்னிடம், இங்க வர்றவரு கோழி கேக்கலம்மா, பொடவ கேக்கல, எங்கிட்ட வந்து இளைப்பாறுன்னுதான் சொல்றாரு என்றார். ஒன்றும் கேட்காத சாமியை நான் கண்டதில்லை. சும்மா குந்தச் சொல்றாரா என்றேன், ஆமாம் என்றார். எந்த நாளு என்றேன், இதோ இன்னிக்கு, ஞாயித்துக்கெழம என்றார். நான் மேஸ்திரி பக்கம் திரும்பி, அப்போ மழ பேயாத ஞாயித்துக்கெழமயில எங்கள எதுக்குக் களத்துல வெச்சிகினு கீறீங்க, அவரு சொன்னது உங்க ஒருத்தருக்குத்தானா என்று கேட்டேன்.

நான் சொல்ல வந்தது அந்தச் சண்டையை இல்லை. அப்புறம் ஞானசுந்தரி நகர்ந்து தன் பாயில் இடம் விட்டாள், போய் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, நடுக்கம் வரவில்லை. ஆனால் சின்ன வயதில் செங்கல் சூளையில் இருந்தபோதிலிருந்து, யாராவது வேலைக்குக் கூப்பிடுகிறார்களா என்று என் காது எப்போதும் விழித்தே இருக்கும், தூக்கத்திலும் இருக்கும். அது அன்றைக்கு ஓய்ந்தது. மேஸ்திரி எதிரிலேயே இருந்தும் ஓய்ந்தது. உள்ளே ஏதோ ஒன்று காலை நீட்டிப் படுத்த மாதிரி இருந்தது. அது சாமியா, மழையா, பாயா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள மறுபடியும் போக வேண்டும் என்று மட்டும் இருந்தது.

மறுநாளே மேஸ்திரி, ஞாயித்துக்கெழம களத்துக்கு வராதவங்க திங்கக்கெழம மில்லு கேட்டாண்ட வந்து நிக்காதீங்க, அவிச்ச நெல்லு யாருக்காகவும் காத்துகினு இருக்காது என்று சொல்லிவிட்டார். பரப்பாமல் விட்டால் நெல் புளித்துப்போகும், அது நிஜம்தான். ஆனால் சனிக்கிழமை அவிக்கச் சொல்லி நெல்லா கேட்டது? உன் அப்பாவுக்குப் பயம். மில் வேலை போனால் பழையபடி ஊர் ஊராகக் கரும்பு வெட்டப் போய் தோட்டத்திலேயே படுத்துக் கிடக்க வேண்டும், அவர் முட்டி அதற்குத் தாங்காது. பேஜார் புடிச்சவளே, கீற வேலையையும் வாரி உட்டுட்டு வரப்போற என்று திட்டினார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் நடுவில் வந்த ஞாயிறுகளில் களத்தில் நின்றுகொண்டே மற்ற நாலு பேரிடமும் பேசினேன். முனியம்மாள், இளைப்பாறுதலோ இன்னாவோ, அந்த ஃபேனுக்கு அடியில ஒரு வாட்டி குந்திப் பாக்கணும்டி என்றாள். இந்த ஞாயிறு நல்ல வெயில். ஐந்து பேரும் களத்துக்குப் போகவில்லை, ஜெபவீட்டுக்குப் போனோம்.

முதலாளி போனில் சத்தம் போட்டிருக்கிறார். மேஸ்திரி வேறு ஆள் கிடைக்காமல், வெள்ளைச் சட்டையோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே நெல்லில் இறங்கிவிட்டார். அந்தக் கால் சத்தம் மதிலைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது. பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு மதிலோரம் போய், வசந்த்குமார், நீங்களும் வாங்க என்று கூப்பிட்டார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். உள்ளங்கால் சிவந்து கிடந்தது. யாரையும் பார்க்காமல் கடைசியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தவர், கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். எய்ப்பி உடுடி, அப்போ தெரியும் அவருக்கு என்று முனியம்மாள் என் இடுப்பில் இடித்தாள். இத்தனை வருஷம் விடியுமுன் எங்கள் கதவைத் தட்டி எழுப்பிய ஆள். அவர்மேல் என் கோபம் இம்மியும் குறையவில்லை. ஆனாலும் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பாஸ்டருக்குச் சைகை காட்டியது நான்தான். ஏன் அப்படிச் செய்தேன் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன், விளங்கவில்லை.

திங்கட்கிழமை கேட் திறந்துதான் இருந்தது, மேஸ்திரியும் எங்களை வேலைக்கு உள்ளே விட்டுவிட்டார். இந்தச் சனிக்கிழமை நெல் அவிப்பாரா என்று தெரியாது, அவித்தாலும் மறுநாள் நாங்கள் இறங்கப் போவதில்லை. ஞானஸ்நானம் எடுக்கிறாயா என்று பாஸ்டர் கேட்டார், எனக்குக் கேள்வி இன்னும் தீரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். உன் அப்பா கன்னியம்மாவுக்கு விளக்கு ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார், நான் அணைக்கவில்லை.

உன்னைக் காக்கிறது எந்தச் சாமியாக இருந்தாலும் அதன் கை உன் தலைமேல் இருக்கட்டும், நீ நோயாளிகளைத் தொடும் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். வீக் ஆஃப் நாளில் இன்னொருத்தியின் டூட்டியை வாங்கிச் செய்யாதே, மறக்காதே. எங்களுக்கு அனுப்பவென்று செய்தால் நான் வாங்க மாட்டேன். அன்றைக்குப் படுத்துத் தூங்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
அங்கம்மாள் மாசி