அம்மா டை அடிப்பதை நிறுத்திவிட்டாள்

என் அன்புச் சில்வண்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் முட்டி மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அம்மாவுக்குப் பாம்புச் செவி, போனில் இதையெல்லாம் சொல்ல முடியாது, அதனால்தான் கடிதம்.

ஆறு மாதமாக வீடியோவில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு "இப்பத்தான் குளிச்சேன்" என்கிறாளே, அது பச்சைப் பொய். நாலு வருஷம் கழித்து நீ வருகிறாய் என்று தெரிந்ததுமே, அட்டையில் சிரித்த பெண்ணின் கூந்தலைப் பார்த்து மயங்கி ஒரு புது டை வாங்கி வந்தாள். காதுக்குப் பின்னால் துளி தடவி இரண்டு நாள் பார்க்கச் சொல்லி அதிலேயே போட்டிருக்கிறது. "இருபது வருஷமா அடிக்கிறேன், எனக்கெதுக்கு இதெல்லாம்" என்றாள். சுவரின் ஓரத்தில் அடித்துப் பார்க்காமல் நான் எந்த வீட்டுக்கும் பெயின்ட் அடித்ததில்லை, விடுவேனா? நானே துளி தடவிவிட்டேன். மறுநாளே காது சிவந்து வீங்கிவிட்டது. இனி எந்த டையும் தலையில் படக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். நீயும் வாங்கினால் முதலில் காதோரம் தடவிப் பார், கலக்கியதில் மிச்சத்தைக் கொட்டிவிடு. நீ போன பிறகு அவள் பின்னந்தலை என் பொறுப்பாயிற்று அல்லவா, பெயின்டர் புத்தி, முன்பு ஒருமுறை மிச்சத்தை டப்பாவில் இறுக்கி மூடி வைத்தேன். அது உப்பி வெடித்துக் குளியலறை முழுக்கக் கறுப்பு. அன்றைக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பத்து வயதில் நீ முக்காலியில் ஏறி நின்று, பழைய பல் பிரஷ்ஷால் அவள் பின்னந்தலைக்கு டை தடவுவாய். அது காயும் நாற்பது நிமிஷம்தான் அவள் வீட்டில் சும்மா உட்கார்ந்த நேரம். கணக்கில் ஃபெயிலானதைக்கூட அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் சொன்னாய், முகத்தைப் பார்க்க வேண்டாமே. நான் பேப்பர் படிக்கிற சாக்கில் எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நாற்றத்தை அப்போது திட்டினேன், இப்போது அதற்கே ஏங்குகிறேன்.

போன வாரம் மிச்சக் கறுப்பையும் பார்லரில் வெட்டிவிட்டு வந்தாள். கிராப்புத் தலை, பஞ்சு மாதிரி வெள்ளை. எனக்குப் பிடித்திருக்கிறது, சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். "நான் ஏர்போர்ட்டுக்கு வரல, அவ என்னைத் தாண்டிப் போயிட்டான்னா?" என்று நேற்று கேட்டாள்.

இழுத்தாவது கூட்டி வருவேன். என் முதுகுக்குப் பின்னால்தான் ஒளிந்து நிற்பாள். நீ வெளியே வந்ததும் என்னைப் பார்க்காதே, அவளைப் பார்த்துக் கையை ஆட்டு. ஒரு நொடிகூடத் தேடக் கூடாது. அவள் தூங்கும்போது எடுத்த படம் ஒன்று இதில் வைத்திருக்கிறேன், தினமும் பார்த்துப் பழகிக்கொள். அழுகை வந்தால் அங்கேயே அழுது முடித்துவிட்டு வா.

பாஸ்போர்ட்டைக் கைப்பையிலேயே வை. ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக வந்து சேர்.

உன்
பெயின்டர் அப்பா