பத்து வருடத்துப் பாசி

ஜூன் 3, செவ்வாய்

காலை எட்டுக்கே அனல். வேலைகள்: கேஸ் புக்கிங், ரசப்பொடி, காயவைத்து ஒட்டிய பாசித் தாள்கள் படமெடுக்க (மீதி 46).

ஆய்வேடு திங்கள் கொடுக்க வேண்டும். முடிவு ஒரே வரி: முட்டம் பாறையில் பத்து வருடத்தில் எந்தக் கடற்பாசியும் மறையவில்லை. அப்போதைய தாள்கள் தோழி சாந்தி சேகரித்தவை, இந்த வருடம்தான் என் கைக்கு வந்தன. இப்போதையவை என்னுடையவை. பேருக்குப் பேர் அப்படியே ஒத்துப்போகின்றன. நாலு வருட அலைச்சல் வீணாகவில்லை.

மாடியில் பக்கத்து வீட்டு அக்கா: "இம்புட்டையும் காயப்போட்டு என்ன செய்யப் போறீக, வத்தலா?"

ஜூன் 4, புதன்

பழைய தாள் எண் 17. பாசியின் அடியில் ஏதோ வண்ணக் காகிதம். ஈரத் தூரிகையால் தடவி எடுத்தேன். நகத்தளவு காலண்டர் துண்டு. அதில் அதிசயமில்லை. நானும் சாந்தியும் பாசியை அழுத்திக் காயவைப்பதே என் வீட்டுக்காரர் அச்சகத்துக் கழிவுத் தாளில்தான். நடுவே விரித்த துணி விலகினால் பாசியின் பசை தாளைப் பிடித்துக்கொள்ளும்.

சாப்பிடும்போது இவரிடம் விளையாட்டாகக் காட்டினேன். கண்ணாடி மாட்டிப் பார்த்தார்.

"இது போன சீசன் நம்ம ஓட்டுனது. முருகன் முகம் பச்சையா விழுந்து லோடு அப்படியே திரும்பி வந்துச்சுல்ல? நீதான கட்டாத் தூக்கிட்டுப் போயி சாந்திட்ட குடுத்த."

தாளில் ஒட்டிய சீட்டில் பத்து வருடத்துக்கு முந்தைய தேதி. சாந்தி கையெழுத்து.

தட்டை மூடி வைத்துவிட்டுத் தாளை மறுபடி எடுத்தேன்.

ஜூன் 5, வியாழன்

லீவு. எல்லாப் பழைய தாளையும் லென்ஸ் வைத்துப் பார்த்தாயிற்று. இன்னும் மூன்றில் அதே பச்சை. போன வருடப் பாசியை இந்த வருடப் பாசியோடு ஒப்பிட்டு, மாற்றமே இல்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

சாந்தியா? பி.எஸ்சி.யில் ஒரே பெஞ்ச். இப்போது ஒரே டிபார்ட்மெண்ட். வெளியே சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் என் பெயரில் பொய்.

கேஸ் வந்தது.

ஜூன் 6, வெள்ளி

சாந்தி வீடு. துண்டை மேசையில் வைத்தேன். அவள் மறுக்கவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. போன ஐப்பசி மழையில் டிபார்ட்மெண்ட் அலமாரி ஒழுகி, பழைய தாள் கட்டு முழுக்கப் பூஞ்சை. அலமாரி அவள் பொறுப்பு. யாரிடமும் சொல்லாமல் மூன்று தடவை முட்டம் போய்ப் புதிதாகப் பறித்து, பழைய தேதி எழுதியிருக்கிறாள்.

"அதே பாறை, அதே பாசிடி. வருசம் மட்டுந்தான் வேற."

எல்லாமே திரும்பக் கிடைத்ததா என்று கேட்டேன்.

"எட்டு கிடைக்கல. இல்லாதத எங்கன போயிப் பறிக்க? நனைஞ்ச பதிவேட்டப் புதுசா எழுதும்போது அந்த எட்டையும் விட்டுட்டேன்."

எட்டு. நாலு வருடமாக நான் தேடியதே மறைந்துபோன அந்த எட்டைத்தான். அழுகைகூட வரவில்லை. பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய், நடந்து வந்தேன்.

ஜூன் 7, சனி

கைடு போன். பைண்டிங் முடிந்ததா என்றார். திங்கள் தர முடியாது, நேரில் வந்து சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் சாந்தி வந்தாள். உள்ளே வரவில்லை, ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். எட்டில் ஐந்துக்குப் பெயர் ஞாபகம் வந்திருக்கிறது. இரண்டுக்குப் பாதிப் பெயர். கடைசிக்குப் பெயரே இல்லை. "கருஞ்சிவப்பு. விரல்ல வழுக்கும். ஒண்ணே ஒண்ணுதான் பாத்தேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.