வெள்ளிக்கிழமை விசாரிப்புகள்

அக்கா,

சமையலறை மேசையில் நாலு தாளை வைத்துவிட்டுத் தர்ஷினி குளிக்கப் போயிருந்தாள். உங்கள் மகள் இப்போது பதுளையில் ஒரு சட்டத்தரணியிடம் ஜூனியராக இருக்கிறாள். தாயும் தகப்பனும் பிரிந்தால் பிள்ளையை இருவருக்கும் சேர்த்தே கொடுப்பதைச் சட்டம் பொது விதியாக வைக்கலாமா என்று ஒரு கூட்டத்தில் பேசப் போகிறாளாம். படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. படித்தேன்.

மூன்றாம் தாளில் நாம் இருந்தோம். பெயர் போடவில்லை. ஆனால் வாரநாளில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில் அம்மாவோடும், சனி ஞாயிறில் பெரகலயில் அப்பாவோடும் அவருடைய இரண்டாவது மனைவியோடும் வளர்ந்த பிள்ளை வேறு யார்? இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லாததால், நலம் விசாரிக்கும் வார்த்தைகளை அந்தப் பிள்ளையே இட்டுக்கட்டி இரண்டு பக்கமும் சொல்லி வந்ததாம்.

எத்தனை வெள்ளிக்கிழமை! பதுளை பஸ் ஸ்டாண்டில் உங்களிடமிருந்து அவளை அவள் அப்பா கூட்டிவருவார். செருப்பைக் கழற்றுமுன், "சின்னம்மா, இருமல் கொறைஞ்சிருச்சான்னு அம்மா கேட்டாங்க" என்பாள். அதுவரை உங்களை வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்தவள் நான். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் என் வாய் அடங்கியது.

குளித்து வந்தவளை விடவில்லை. "ஒரு தடவகூட அம்மா நெசமா கேக்கலியாடி?"

"இல்ல சின்னம்மா. நீங்களுந்தான் கேக்கல." சிரித்தாள். "கேட்டாங்கன்னு சொன்னா அன்னைக்கு ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்க."

"அப்ப இந்தச் சட்டம் வேணுமா, வேணாமா?"

"வேணும். எனக்கு ரெண்டு வீடும் வேணும்னுதானே இருந்துச்சு. ஆனா பெரியவங்க பேச வேண்டியத பெரியவங்கதான் பேசணும். அதையும் சேத்து எழுதணும்."

ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்த நாள் நினைவு வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாராவாரம் என் முட்டி வலிய விசாரிச்சது நீ ஒருத்திதான் தங்கச்சி" என்றீர்கள். உங்கள் முட்டியில் வலி இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். மருந்து மயக்கம் என்று நினைத்துத் தலையை ஆட்டி வைத்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. கூடவே ஒரு சந்தேகமும் குடைகிறது. உண்மையாகவே நம்பினீர்களா? இல்லை, எல்லாம் தெரிந்துகொண்டே மகளுக்காகச் சொன்னீர்களா? பெற்றவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

கூட்டத்துக்கு நானும் போகிறேன். இரண்டு வீட்டில் வளர்ந்தால் பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்று யாராவது கேட்டால் எழுந்து நிற்பேன். வீடு இரண்டாக இருந்ததில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் எட்டு வயதில் ஒருத்தி பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்த வாரம் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று யோசித்துக்கொண்டு வந்தாள், அது நாங்கள் இருவரும் செய்திருக்க வேண்டிய வேலை என்று சொல்வேன். உங்களையும் சேர்த்துத்தான் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அக்கா.