துடைத்த ‘அபவுட்’

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் நலம். உன் தொண்டைக்கட்டு சரியாயிற்றா? பாப்பா வகுப்பில் அழாமல் உட்காருகிறாளா?

இங்கே ஒரு சின்னக் கூத்து. பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் கிடங்கின் அறிவிப்புப் பலகையில் மேனேஜர் ஆங்கிலத்தில், “டிஸ்கஸ் அபவுட் சேஃப்டி” என்று எழுதியிருந்தார். வீட்டில் நீ என்னைத் திருத்தித் திருத்தி, எனக்கும் கை சும்மா இருப்பதில்லை. ‘அபவுட்’டைத் துடைத்துவிட்டேன். திரும்பினால் அவரே நிற்கிறார்.

“யாரைக் கேட்டு அழிச்சே?”

“டிஸ்கஸுக்கு அப்புறம் அபவுட் வராது சார். என் வீட்டுக்காரம்மா இங்கிலீஷ் டீச்சர்.”

வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சீட்டு கிழிந்தது என்றே நினைத்தேன். அவர் செல்போனில் அகராதியைத் தேடிப் பார்த்தார். முகம் சிவந்தது, பிறகு சிரித்துவிட்டார். இப்போது எந்த அறிவிப்பும் என் கை படாமல் சுவரேறுவதில்லை. நேற்று ‘என்டர் இன்டு’வில் ‘இன்டு’வைத் துடைத்தேன், இன்று ‘ரிக்வெஸ்ட் ஃபார்’இல் ‘ஃபார்’. எனக்கே சந்தேகமாக இருந்தாலும், உன்னைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு அடித்துச் சொல்கிறேன். எல்லோரும் நம்புகிறார்கள்.

என் பிழையைத் திருத்தத்தான் இங்கே ஆளில்லை.

என் நீலச் சட்டையை அங்கேயே விட்டுவந்துவிட்டேன். பொத்தான் தைத்து அனுப்பு. இத்துடன் நான் எழுதிய ஆங்கிலப் பக்கம் ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் வேண்டுமென்றே ஏழு பிழை விட்டிருக்கிறேன். சிவப்பு மையில் திருத்தி, ஓரத்தில் வழக்கம்போலத் திட்டி எழுதி, திருப்பி அனுப்பு. நன்றாகத் திட்டு, ஓரத்தில் நிறைய இடம் விட்டிருக்கிறேன்.

ஷிப்ட் வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன் கடைசி பெஞ்சு மாணவன்