நான் பறிக்காத தக்காளி

ஜனவரி 9

அக்காவின் தக்காளி, சோதனைக்காக நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பெட்டி. ஒன்றில் அவள் நாட்டுத் தக்காளி, தோள் வெடித்து, கோணல்மாணலாக. மற்றதில் ஹைபிரிட், எல்லாம் ஒரே அச்சு. இரண்டுமே அவள் தோட்டத்தில் அடுத்தடுத்த பாத்தியில் செடியிலேயே பழுத்தவை, இன்று காலை பறித்தவை என்றாள்.

சோதிக்கிறவர்தான் பறிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எந்தப் பதத்தில் பறித்தது, குளிரில் வைத்ததா என்பதை எல்லாம் பொறுத்து வைட்டமின் சி மாறும். "நீ எதுக்குடி இவ்வளவு தூரம் அலையணும்? நான் பறிச்சா என்ன, நீ பறிச்சா என்ன?" என்று கேட்டாள். அதுவும் சரிதானே. எனக்குப் பள்ளிக்கூடம் போகத் தலை வாரிவிட்டவள் அவள்.

ஜனவரி 11

நாட்டுத் தக்காளியில் வைட்டமின் சி இரண்டு மடங்கு! மறுபடி அரைத்து, மறுபடி சத்தை அளக்கும் சாயம் விட்டுப் பார்த்தேன். அதேதான். ஆய்வகத்தை நடத்தும் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யார் பறிச்சது?" என்று கேட்டார்.

"எங்க அக்கா மேடம். அதுக்கு நான் பொறுப்பு."

அப்படியே சொன்னேன். என்ன ஒரு கெத்து!

அக்கா போனிலேயே குதித்தாள். ஆய்வக அறிக்கை இருந்தால் வருஷம் முழுக்க அவள் தக்காளியை எடுத்துக்கொள்வதாகப் பெரிய கடை ஒன்று சொல்லியிருக்கிறதாம்.

பிப்ரவரி 2

கடையில் அவள் தக்காளிக்குத் தனித் தட்டு. மேலே எங்கள் ஆய்வகத்தின் பெயர் போட்ட அட்டை: 'இரு மடங்கு சத்து'. அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "ரெண்டு பொண்ணும் ஒரே அட்டையில இருக்கீங்க" என்று தட்டை விட்டு நகரவே மாட்டேன் என்கிறாள். விட்டால் வருகிறவர்களுக்கெல்லாம் தக்காளி பொறுக்கிக் கொடுப்பாள் போல.

பிப்ரவரி 15

அக்கா வீட்டில் சாப்பாடு. சும்மா பேச்சுக்கு மாமாவிடம், "ஹைபிரிட் இன்னும் காய்க்குதா மாமா?" என்று கேட்டேன்.

"எந்த ஹைபிரிட்? அது இந்தத் தடவை நாத்துலயே அழுகிப் போச்சேம்மா. ஒண்ணுகூட நடலையே."

அடுப்படியிலிருந்து அக்கா, "கை கழுவிட்டு வாங்க, ஆறிடப் போகுது" என்றாள். அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன்? — தெரியவில்லை.

பிப்ரவரி 16

கேட்டுவிட்டேன்.

"கடையில வாங்கினேன். அதுவும் ஹைபிரிட்தானே?"

"அது காயிலேயே பறிச்சது அக்கா. குளிர்பெட்டியில எத்தனை நாள் கிடந்ததோ. அதுல எங்கேர்ந்து சத்து இருக்கும்?"

"என் தக்காளி நல்லதுதானே? ஊருக்கே தெரியும். கடைக்காரருக்குத்தான் உன் மெஷின் சொல்லணும்."

"நல்லதுன்னா எதுக்குப் பொய்?"

அதற்கு அவள் சொன்னாள்: "வேற ஆளா இருந்தா தோட்டத்துல வந்து நிப்பாங்க. நீ வரமாட்டேன்னு தெரியும்."

அய்யோ. இதுக்கு நீ என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாமே அக்கா! நம்ப வெச்சுக் கழுத்தை அறுக்கிறதுன்னா இதுதானா? ஊரில் இத்தனை ஆய்வகம் இருக்க என்னிடம் வந்தது பாசத்தால் என்று நினைத்தேனே. ஏமாறுவேன் என்றுதான் வந்திருக்கிறாள். என் நம்பிக்கையை எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்டியிருக்கிறாள்.

பிப்ரவரி 17

சொல்லாமல் விட்டுவிடலாமா? விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? — எனக்குத் தெரியுமே.

பிப்ரவரி 18

மேடத்திடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நாம சோதிச்சது ரகத்தை இல்லை, குளிர்பெட்டியை" என்றார், அவ்வளவுதான். அதற்குத் திட்டே தேவலை. அறிக்கையைத் திரும்பப் பெற்றாயிற்று. இனிமேல் என் கையெழுத்து மட்டும் போட்டு எந்த அறிக்கையும் வெளியே போகாது. பத்து வருஷ வேலையில் இப்படித் தலைகுனிந்து நின்றதில்லை.

சாயங்காலம் கடையில் அட்டை இல்லை. தட்டும் இல்லை. அக்கா போன் செய்து, "கூடப் பிறந்தவளே வயித்துல அடிச்சிட்டே" என்று வைத்துவிட்டாள். கேட்க ஆள் இல்லாமல் நான் மட்டும் சமையலறையில் நின்று கத்தினேன்: யாருடி அடிச்சது, யாருடி!

மார்ச் 3

மேடம் ஆய்வகத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி ஒதுக்கிக் கொடுத்தார். "நீயே நடு, நீயே பறி." நாட்டு ரகத்துக்கு அக்கா எப்போதோ கொடுத்த விதை. விதை என்ன பாவம் செய்தது?

கடையில் ஏன் தட்டு இல்லை என்று அம்மா கேட்டாளாம். பருவம் முடிந்தது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். என்னிடம் கேட்டபோது நானும் அதையே சொன்னேன். இதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமை.

ஏப்ரல் 20

பூ விட்டிருக்கிறது. அக்காவிடமிருந்து ஒரு போன் இல்லை.

ஜூன் 8

ஒரே காலையில், ஒரே பதத்தில், என் கையால் பறித்து இரண்டையும் அரைத்தேன். பழத்துக்குச் சிவப்பு நிறம் தரும் சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வைட்டமின் சி மட்டும் நாட்டுத் தக்காளியில் கால் பங்கு அதிகம்.

கால் பங்கு போதாதா? உள்ளதை உள்ளபடி விற்றிருக்கலாமே! சந்தோஷப்பட வேண்டியவள் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

ஜூன் 12

அக்காவே கூப்பிட்டாள். யார் சொன்னார்களோ, விஷயம் போய்விட்டது. "பாத்தியா? அப்பவே சொன்னேன்ல, என் தக்காளி நல்லதுன்னு!" என்று சிரித்தாள். வேறு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கடைக்காரர் அவள் தோட்டத்துப் பழத்தையே சோதித்த அறிக்கை கேட்கிறாராம். "இந்தத் தடவை ஹைபிரிட்டும் நட்டிருக்கேன், நிஜமாவே. பெட்டி எப்ப அனுப்பட்டும்?"

"அனுப்ப வேண்டாம். நானே வந்து பறிச்சுக்கிறேன்."

"நான் பறிச்சா நம்ப மாட்டியா?"

"மாட்டேன் அக்கா."

முகம் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அவள் போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"சரி, வா" என்றாள் கடைசியில். "அம்மாவைக் கூட்டிட்டு வந்துடாதே."

"ஏன்?"

"நீ பறிக்க, நான் கையைக் கட்டிட்டு நிக்கிறதை அவங்க பாக்க வேண்டாம்."

தனியாக வருகிறேன் என்று சொன்னேன்.