கொரியாக் கோழியும் கை நனைத்தலும்

18 ஆகஸ்ட் 2025, திங்கள்

நான் அங்கே கை நனைக்கவில்லை. இதை முதலில் எழுதி வைக்கிறேன். ஏனென்றால் காலை பத்து மணிக்குள் விருதுநகரில் பாதிப் பேருக்கு நான் கை நனைத்த கதை போய்ச் சேர்ந்திருக்கிறது. பால்காரர்கூட ஒரு மாதிரி சிரித்தார்.

சம்பந்தம் பேசி முடியாத இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, சாப்பிட்டுக் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம் - இது எனக்குத் தெரியாதா? எழுபத்தொரு வயது. எத்தனை வீடுகளில் காபி டம்ளரைத் தொடாமல் எழுந்து வந்திருக்கிறேன். நேற்று நான் போனது சாப்பாட்டுக் கடைக்கு. சம்பந்தி வீடு என்று வாசலில் போர்டு எதுவும் இல்லை.

நடந்தது இது. ஆவணி முதல் தேதி, ஞாயிறு. "ஆடி முடிஞ்சிருச்சுல்லம்மா, வெளிய போய்ச் சாப்பிடுவோம்" என்று என் மகள் பிரீத்திகா கூட்டிப் போனாள். சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் புதிதாக ஒரு கொரியாக் கோழிக் கடை. பெயர் அன்யோங் சிக்கன். உள்ளே நுழைந்ததும் மூன்று பேர் ஒரே குரலில் "அன்யோங்!" என்று கத்தினார்கள்; கொரிய மொழியில் வணக்கமாம். கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். சுவரில் ஊதா விளக்கில் கொரிய எழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று பரிமாறும் பெண்ணைக் கேட்டேன்.

"தெரியாது மேடம். லைட்டுக் கடையில ரெடியா இருந்துச்சு, வாங்கிட்டு வந்தோம்."

தனக்கே தெரியாததைச் சுவரில் எரிய விடுகிற தைரியம் எனக்கில்லை.

முள்கரண்டி கேட்டேன். மதுரை கான்வென்ட்டில் ஏழு வருஷம் படித்தவள். கோழித் தொடையை விரல் படாமல் எலும்பிலிருந்து பிரிக்க மதர் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். முள்கரண்டி கிடையாதாம். இரண்டு இரும்புக் குச்சிகளும் ஒரு ஜோடி பிளாஸ்டிக் கையுறையும் வந்தன. பிரசவம் பார்ப்பதற்கா என்று கேட்டேன். பிரீத்திகா மட்டும் சிரித்தாள்.

கோழி வந்தது. மேலே சிவப்பாக ஒரு பாகு. ரொட்டிக்குத் தடவுகிற ஜாமில் யாரோ கை தவறி மிளகாய்ப் பொடியைக் கொட்டிவிட்டு, வீணாக்க மனமில்லாமல் பூண்டையும் சேர்த்தது போல. தொட்டுக்கொள்ள, சர்க்கரை போட்டு ஊறவைத்த முள்ளங்கி. முள்ளங்கி என்ன பாவம் செய்ததோ. மொறுமொறுப்பாக இருந்தது என்பதை மறுக்கவில்லை. இரண்டு தடவை பொரிப்பார்களாம். முதல் தடவையே ஒழுங்காகப் பொரித்தால் என்ன?

மூன்று துண்டு சாப்பிட்டேன். எங்கள் அச்சகத்து சிவபாண்டி அடுத்த மேசையில் குடும்பத்தோடு இருந்தான். அவன் ஏழு என்று சொல்லித் திரிகிறானாம். மூன்று.

கடைசித் துண்டு முடிந்தபோது சமையலறையிலிருந்து ஓர் இளைஞனும், பின்னாலேயே முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெண்ணும் வந்தார்கள். பிரீத்திகா எழுந்து நின்றாள்.

"அம்மா, இவர்தான் புகழேந்தி. கடை இவரோடதுதான். நான் கல்யாணம் பண்ணிக்கப் போறவர். இது அவங்க அம்மா, வேலுத்தாய்."

பையன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியாக்காரர்கள் கம்பெனி விடுதியில் ஆறு வருஷம் சமையல் செய்தவனாம். தாய் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே புரிந்துகொண்டேன். சிவபாண்டியின் காது எங்கள் மேசைக்கே வந்துவிட்டது.

எழுந்தேன். கையுறைகளைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டேன். விரல்கள் காய்ந்திருந்தன. கை கழுவும் இடம் எங்கே இருக்கிறது என்றுகூட நான் பார்க்கவில்லை. இனி யார் கேட்டாலும் இதுதான் பதில்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

என் ஓரகத்தி யோகேஸ்வரியின் போன். "கோழி எப்படி இருந்துச்சு, லட்சுமி?" முப்பது வருஷமாக என் உடல்நலத்தைக்கூட விசாரிக்காதவள்.

21 ஆகஸ்ட், வியாழன்

மூன்று நாளாகப் பேசாமலிருந்துவிட்டு இன்று பிரீத்திகாவிடம் கேட்டேன். "என்னை ஏமாற்றிக் கூட்டிப் போனாய்."

"நேராச் சொன்னா வந்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப நான் என்ன செய்ய?"

சாமி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டேன்.

பிரீத்திகாவுக்கு முப்பத்தோரு வயது. எங்கள் அச்சகத்துக் காலண்டர் படங்களை அவள்தான் வடிவமைக்கிறாள். நான் பார்த்த ஒன்பது மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றவள். ஒன்பதாவது மாப்பிள்ளைக்குச் சொந்தமாக இரண்டு ஆப்செட் மிஷின். அவனை விட்டுவிட்டு எண்ணெய்ச் சட்டியைப் பிடித்திருக்கிறாள்.

"செப்டம்பர் பதினஞ்சு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம்மா. தேதி வாங்கியாச்சு. நீங்க பக்கத்துல நிக்கணும்னு ஆசை. ஆனா நிக்கலேன்னா, அதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு வந்து ஒண்ணும் நடக்காத மாதிரி என்னால பேச முடியாது."

மிரட்டுகிறாயா என்றேன். இல்லை என்றாள். மிரட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இவள் ஒரே பிள்ளை. இவள் அப்பா போய் ஒன்பது வருஷம். இவளும் போனால் இந்த எட்டு அறை வீட்டில் நானும் பிரிட்ஜும்தான்.

போகட்டுமே. எனக்கென்ன.

24 ஆகஸ்ட், ஞாயிறு

என் கணவரின் அண்ணன் காசிராஜன், யோகேஸ்வரியின் புருஷன், வந்தார். வரும்போதே சிரிப்பு.

"என்னம்மா லட்சுமி, கொரியாக்காரன் கடையில கை நனைச்சுட்டியாமே?"

"இல்லை அத்தான். கையுறை போட்டிருந்தேன்."

"கையுறையோ காலுறையோ, வயித்துக்குள்ள போச்சுல்லா?"

விளக்கினேன். தெரிந்தே போயிருந்தால்தான் அது சம்மதம், நான் தெரியாமல் போனேன், தெரிந்ததும் எழுந்துவிட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் தட்டிலிருந்த முறுக்கை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருந்தார். வாதம் புரியாதவர்கள் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருக்கிறார்கள்.

பிறகு குரலை இறக்கினார். "நம்ம பையங்க கொதிச்சுப் போயிருக்கானுவ. நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன். எம்புட்டு நாளைக்குப் பிடிக்க? அதுவோ எண்ணெய்ச் சட்டி கொதிக்கிற கடை. எப்ப எங்கன தீப்பிடிக்கும்னு யாரு கண்டா?"

காபியில் சர்க்கரை கம்மி என்றார். இன்னும் ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தேன்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. அந்த மனிதர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கடையைக் கொளுத்துவதைப் பற்றிப் பேசினார். நான் என்ன செய்தேன்? சர்க்கரை போட்டேன். சீ. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எம்புட்டுத் திமிர் அந்த ஆளுக்கு - எனக்கு எம்புட்டுப் பயம்.

பிரீத்திகாவிடம் சொல்லவில்லை.

27 ஆகஸ்ட், புதன்

பிள்ளையார் சதுர்த்தி. சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து ஒரு கொழுக்கட்டைகூட வரவில்லை. யோகேஸ்வரியின் கொழுக்கட்டை ரப்பர் பந்து. அந்த வகையில் லாபம்தான்.

30 ஆகஸ்ட், சனி

வேலுத்தாய் வந்தார்.

காலை பதினோரு மணி. பஸ்ஸில் வந்து, தெருமுனையிலிருந்து வெயிலில் நடந்திருக்கிறார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். தயங்கித் தரையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். நேராக உட்கார்ந்தார். முதலாளியம்மா என்று கூப்பிடுவார் என்றும் நினைத்திருந்தேன்.

"அக்கா, ஒரு விசயம் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன். நீங்க கை நனைச்சுட்டீகன்னு ஊருக்குள்ள பேச்சு கிடக்கு. எங்க தெருவுலயும் கேட்டாக. இல்லைன்னு சொல்லிட்டேன். தெரியாம வந்து சாப்பிட்டாக, அது சம்மதத்துல சேராதுன்னு. இனி யாரு கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்."

பதின்மூன்று நாளாக நான் கரடியாகக் கத்தியும் ஒருவருக்கும் ஏறாத விஷயம். இந்த அம்மாளுக்கு நான் சொல்லாமலே விளங்கியிருக்கிறது.

"பிள்ளைக ரெண்டும் சேந்து செஞ்ச வேலை அது. எங்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டேன். ஏமாத்தி வாங்குற சம்மதம் எங்களுக்கு எதுக்கு?"

காபி கொண்டுவந்து வைத்தேன். தொடவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"வேண்டாம்க்கா."

"சர்க்கரை சேர்க்க மாட்டீர்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நாங்க இன்னும் முடிவு பண்ணலைல்ல."

சட்டென்று எனக்கு விளங்கவில்லை. "நீங்களா?" என்று கேட்டே விட்டேன்.

"ஆமாக்கா. எம்மகன் சரின்னுட்டான். நான் சொல்லல. உங்க மக தங்கமான பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா உங்க ஆளுக இருக்காகளே. முப்பது வருசம் பட்டாசு மருந்துக்குள்ள கிடந்து ஒத்தப் பிள்ளையை ஆளாக்கியிருக்கேன். அவன் அந்தப் பக்கமே வரக் கூடாதுன்னுதான் கையில கரண்டியைக் கொடுத்தேன். நாளைக்கு உங்க ஆளுக கடை வாசல்ல வந்து நின்னா, நீங்க எந்தப் பக்கம் நிப்பீக?"

"அப்படியெல்லாம் நடக்காது" என்றேன்.

"உங்ககிட்ட யாரும் எதுவும் சொல்லலையா?"

"இல்லை."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிக்கா, வாரேன்" என்று எழுந்தார். வாசல் வரை போனேன். ஆட்டோ பிடித்துத் தரட்டுமா என்றேன். பஸ் இருக்கிறது என்றார்.

திரும்பி வந்தபோது காபியில் ஆடை படிந்திருந்தது. இந்த வீட்டில் இதுவரை ஒருவரும் அப்படி எழுந்து போனதில்லை. நாங்கள்தான் பிறர் வீடுகளில் அதைச் செய்து பழக்கம்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

எழுபத்தொரு வயதில், முகத்துக்கு நேராக, ஒரு பொய்.

2 செப்டம்பர், செவ்வாய்

காசிராஜன் வீட்டுக்குப் போனேன். யோகேஸ்வரி காபியும் முந்திரி வறுவலும் கொண்டுவந்தாள். அவள் வீட்டில் இரண்டையும் ஒரே சட்டியில் செய்வார்களோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம்.

"வேண்டாம் அக்கா."

"ஏம்டி, கோபமா? தண்ணியாவது குடி."

"தண்ணீரும் வேண்டாம்."

யோகேஸ்வரிக்கு உடனே புரிந்துவிட்டது. டம்ளரைப் பிடித்த கை அப்படியே நின்றது. இந்த விஷயங்களில் அவள் புருஷனைவிடக் கெட்டிக்காரி.

காசிராஜனிடம் கேட்டேன். "கொதிச்சுப் போயிருக்கிற பையன்கள் யார் யார் அத்தான்? பெயர் சொல்லுங்கள்."

"அட, நான் பொதுவாச் சொன்னதுலா அது!"

"நீங்கள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதி வைத்திருக்கிறேன். தேதி போட்டு."

சிரிப்பு நின்றது. "யாருக்கு எழுதுனே?"

"இதுவரை எனக்கு."

"தம்பி இருந்திருந்தா இந்த அசிங்கம் நடந்திருக்குமா?" என்றார். அவர் தம்பி இருந்திருந்தால் அன்றைக்கே அந்த முறுக்குத் தட்டைப் பிடுங்கியிருப்பார். அந்தத் தம்பியின் மனைவியான எனக்கு ஒன்பது நாள் ஆகியிருக்கிறது.

3 செப்டம்பர், புதன்

சூலக்கரைக்குப் போய்ப் போலீஸ் மேலதிகாரி ஆபீசில் மனு கொடுத்தேன். கடைக்கும் அந்தத் தாய்க்கும் மகனுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று இரண்டு பக்கம். குமாஸ்தா நாளைக்கு வரச் சொன்னார். நாளைக்கும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன், எழுந்து போய்த் திரும்பி வருவானேன் என்று கேட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் ரசீது வந்தது. முத்திரை தலைகீழாக. மாற்றிப் போடச் சொல்லி வாங்கினேன்.

கடை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். போகவில்லை. அவர்கள் தங்கள் முடிவை இன்னும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பிரீத்திகாவிடம் மனுவின் நகலைக் கொடுத்தேன். படித்தாள். இரண்டாவது பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, பெரியப்பா பேரைப் போட்டிருக்கீங்க."

"அவர் பெயர் அதுதானே."

நகலை மடித்து வைத்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் எனக்கு தோசை சுட்டாள். ஒரு பக்கம் கருகல், ஒரு பக்கம் மாவு. மூன்று சாப்பிட்டேன்.

6 செப்டம்பர், சனி

இன்று பதிவுத் தபாலில் அனுப்பியதன் நகல்.

திருமதி வேலுத்தாய் அவர்களுக்கு,

முப்பதாம் தேதி என் வீட்டில் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள்.

யாரும் எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அது பொய். என் கணவரின் அண்ணன் அதற்கு ஆறு நாள் முன்பு அதே அறையில் உட்கார்ந்து, கடையில் தீப்பிடிப்பதைப் பற்றிப் பேசினார். நான் வாய் திறக்கவில்லை. இப்போது அவர் பெயரைக் குறிப்பிட்டுக் கொடுத்திருக்கும் மனுவின் நகலும் ரசீதும் இத்துடன் உள்ளன. உங்கள் மகனிடம் கொடுத்து வைக்கவும்.

எந்தப் பக்கம் நிற்பேன் என்று கேட்டீர்கள். உங்கள் பக்கம். அவர்கள் வந்தால் எனக்கு உடனே சொல்லி அனுப்புங்கள். பதினைந்தாம் தேதி பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்தும் நான் போடுகிறேன்.

பிரீத்திகா முன்கோபக்காரி. எட்டு மணிக்கு முன்னால் எழ மாட்டாள். சமைக்கத் தெரியாது, தெரியும் என்று சொன்னால் நம்ப வேண்டாம். உண்மையைத்தான் பேசுவாள், ஆனால் தனக்குத் தோதான நேரம் பார்த்துப் பேசுவாள். இவையெல்லாம் தெரிந்த பிறகு நீங்கள் தீர்மானிப்பதுதான் முறை.

எங்கள் தரப்பில் எனக்குச் சம்மதம். என் மகளை உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா என்பதைத் தங்கள் கைப்பட எழுதி எனக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

லட்சுமிகாந்தம்